அட்டையில் 5,150, காப்பி போடும்போது எவ்வளவு?

எஸ்.எஸ்.டி. கேட்டால் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் முதலில் வேகத்தைத்தான் சொல்வார்கள். 'இது 3,500 சார், அது 5,150. கொஞ்சம் கூடப் போட்டு அதையே எடுத்துக்குங்க.' அந்த எண்கள் பொய் இல்லை. ஒரு பெரிய ஃபைலை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்கு அத்தனை எம்.பி. வரும். நாம் லேப்டாப்பில் அந்த வேலையை எவ்வளவு நேரம் செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

சோதனைக்கு எடுத்தவை அந்த இரண்டும்தான்: குரூஷியல் பி3 (3,500), டபிள்யூ.டி. பிளாக் எஸ்.என்.770 (5,150). இரண்டும் 2022இல் வந்த 1 டி.பி. எம்.2 டிரைவ்கள், இரண்டுக்கும் ஐந்து வருட வாரண்டி. இரண்டிலும் தனி டிராம் சிப் கிடையாது, லேப்டாப்பின் ரேமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கின்றன. பி3 பழைய பி.சி.ஐ.இ. 3.0 இணைப்பு வகை, எஸ்.என்.770 அடுத்த 4.0 வகை. முக்கியமான வித்தியாசம் உள்ளே இருக்கிறது. எஸ்.என்.770இல் இருப்பது டி.எல்.சி., ஒரு செல்லுக்கு மூன்று பிட். பி3இல் கியூ.எல்.சி., ஒரு செல்லுக்கு நான்கு பிட். அதனால்தான் பி3 மலிவு.

ஒரே லேப்டாப்பில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். விண்டோஸ் திறப்பது, குரோமில் இருபது டேப், டேலி, ஃபோட்டோஷாப் என எதிலும் எது எந்த டிரைவ் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. இந்த வேலைகளெல்லாம் சின்னச் சின்னத் துணுக்குகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பவை. கிறிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளில் 'ரேண்டம் 4கே' என்று கடைசி வரியில் வரும் எண்தான் இதற்கு அளவுகோல். ஆயிரக்கணக்கில் பீற்றிக்கொள்ளும் இரண்டு டிரைவுமே அங்கே இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் அதே சோதனையில் 1 எம்.பி.யைத் தொடவே திணறும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏதோ ஓர் எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதுதான் பெரிய பாய்ச்சல். 550 எம்.பி.யோடு நின்றுவிடும் சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டால்கூடப் பத்து வயது லேப்டாப் எழுந்து ஓடும்.

வித்தியாசம் தெரிந்தது கல்யாண வீடியோவைக் காப்பி போட்டபோது. டிரைவ் ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தது. இன்னொரு வேகமான டிரைவிலிருந்து 150 ஜி.பி. ஃபோல்டரை பி3க்கு அனுப்பினேன். தொடக்கத்தில் விண்டோஸின் பச்சை வரைபடம் ஆயிரங்களில் நின்றது. பாதி வழி போவதற்குள் சட்டென்று விழுந்து, நொடிக்கு 100 எம்.பி.யைச் சுற்றித் தள்ளாடத் தொடங்கியது. அது ஹார்ட் டிஸ்க்கின் வேகம்!

காரணம் இதுதான். கியூ.எல்.சி. செல்லில் நேரடியாக எழுதுவது மெதுவான வேலை. அதனால் காலி இடத்தில் ஒரு பகுதியை செல்லுக்கு ஒரு பிட் மட்டும் வைத்து எழுதி, பிறகு நிதானமாக நான்கு நான்காக அடுக்குகிறது டிரைவ். மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டு அப்புறம் உள்ளே கொண்டுபோவது மாதிரி. நான்கு பிட்டின் இடத்தை ஒரு பிட் பிடித்துக்கொள்வதால், இந்தத் திண்ணை காலி இடத்தில் கால்வாசிக்கு மேல் இருக்க முடியாது. டிரைவ் நிரம்ப நிரம்ப அதுவும் சுருங்கும். எஸ்.என்.770க்கும் இதே ஏற்பாடுதான். அதுவும் வேகம் குறைந்தது. ஆனால் குறைந்த பிறகும் பி3ஐப் போலப் பல மடங்கு வேகத்தில் எழுதியது. கிறிஸ்டல்டிஸ்க்மார்க் வழக்கமாக எழுதிப் பார்ப்பது வெறும் 1 ஜி.பி. என்பதால் அதில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

அட்டையில் பார்க்க வேண்டிய இன்னொரு எண் டி.பி.டபிள்யூ. வாரண்டி காலத்தில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கு. பி3க்கு 220, எஸ்.என்.770க்கு 600. 220ஐக் கண்டு பயப்பட வேண்டாம். ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் தினம் 120 ஜி.பி. வருகிறது. கணக்கு எழுதுபவரும் கல்லூரி மாணவரும் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டார்கள். தினமும் ஃபுட்டேஜ் இறக்கி, எடிட் செய்து, அழித்து, மறுபடி நிரப்பும் வீடியோக்காரர் தாராளமாகப் போவார்.

மாடல் பெயர் ஒன்றாகவே இருக்க, உள்ளே சரக்கு மாறும் கதையும் உண்டு. பி3க்கு அண்ணனான குரூஷியல் பி2, டி.எல்.சி.யோடு வந்து பாராட்டு வாங்கி, 2021இல் பெயர் மாறாமலே கியூ.எல்.சி.யாகிவிட்டது. அதனால் வெளிவந்த மாதத்தில் எழுதிய விமர்சனத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஆயிரம் இரண்டாயிரத்துக்கு '16 டி.பி. போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி.' என்று ஆன்லைனில் வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். பிரித்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும்.

வாங்கும் முன் லேப்டாப் மாடலைப் போட்டு ஸ்லாட் வகையைத் தேடிப் பாருங்கள். பி.சி.ஐ.இ. 3.0 ஸ்லாட்டில் எஸ்.என்.770ஐப் போட்டால் அதுவும் 3,500 பக்கம்தான் நிற்கும். சில பழைய லேப்டாப்களின் எம்.2 ஸ்லாட் சாட்டா வகையை மட்டுமே ஏற்கும். அங்கே இந்த இரண்டுமே வேலைக்கு ஆகாது.

வீட்டுக்கும் ஆபீஸுக்கும் பி3 போதும், மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டால். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் யோசிக்காமல் எஸ்.என்.770. வீடியோ எடிட் செய்பவருக்கு வித்தியாசம் எவ்வளவு இருந்தாலும் எஸ்.என்.770தான். முடிந்த கல்யாண ஆல்பங்களைப் பீரோவில் பூட்டிவைக்க மட்டும் இரண்டையும் வாங்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் செல்களில் உள்ள மின்னூட்டம் கசியும்; அதற்கு இன்னமும் ஹார்ட் டிஸ்க்தான்.