குச்சி ஐஸ் கொடுத்த நர்ஸ்: 'விட்' படம் பற்றி ஒரு புகார்

புற்றுநோய் வார்டைப் பற்றி வந்த படங்களில் 'விட்' அளவுக்கு நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரப்போவது பெரும்பாலும் புகார்தான்.

பார்க்காதவர்களுக்காக: மார்கரெட் எட்சன் எழுதிய நாடகம், 1999-ல் புலிட்சர் பரிசு வாங்கியது. 2001-ல் மைக் நிக்கோல்ஸ் அதை எச்.பி.ஓ.வுக்காகப் படமாக்கினார். விவியன் பேரிங் (எம்மா தாம்ப்சன்) ஜான் டன் கவிதைகளில் கரைகண்ட பேராசிரியர். சினைப்பைப் புற்றுநோய், நான்காம் நிலை. எட்டுச் சுற்று கீமோ, அத்தனையும் முழு டோஸ். டாக்டர்களுக்கு அவர் ஒரு ஆராய்ச்சித் தரவு. அவரை மனுஷியாகப் பார்ப்பது நர்ஸ் சூசி (ஆட்ரா மெக்டொனால்ட்) மட்டும்தான்.

நம்மூர்ப் படங்களோடு ஒப்பிட்டால் இதுவே எவ்வளவோ மேல். 1982-ல் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று இரண்டு படங்களில் நாயகன் புற்றுநோயில் சாகிறான். ரெண்டில் எதிலாவது ஒரு நர்ஸ் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

சரி, புகாருக்கு வருகிறேன். படம் உலகத்தை இரண்டாகப் பிரிக்கிறது: அறிவு ஒரு பக்கம், அன்பு ஒரு பக்கம். பேராசிரியருக்கும் டாக்டர்களுக்கும் அறிவு. சூசிக்கு அன்பு. மார்ஃபின் ஏற்றும்போது விவியன் தூக்கம் வரவழைப்பதற்கு ஒரு கடினமான லத்தீன் வழிச் சொல்லைப் போடுகிறார். சூசிக்கு அந்தச் சொல் தெரியவில்லை; அதெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனா நல்லா தூக்கம் வரும் என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். ரெண்டு பேரும் சிரிக்கிறார்கள், நமக்கும் சிரிப்பு வருகிறது. அழகான காட்சிதான். ஆனால் நர்ஸ் என்றால் வெள்ளை மனசு, படிப்பு கொஞ்சம் கம்மி என்ற பழைய படத்தை அது நைசாக உள்ளே விட்டுவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், படமே இதற்கு எதிரான சாட்சியை வைத்திருக்கிறது. நடுராத்திரியில் சூசி ஒரு குச்சி ஐஸைக் கொண்டுவருகிறாள், இருவரும் பாதிப் பாதி சாப்பிடுகிறார்கள். எல்லோரும் இதைப் பாசக் காட்சியாகத்தான் பேசுவார்கள். ஆனால் ஐஸ் எதற்கு என்று சூசியே விளக்குகிறாள்: கீமோவில் குடலின் உட்படலச் செல்கள் செத்துவிட்டன, வேறெதுவும் உள்ளே தங்காது, இது இறங்கும், உடம்பில் நீர்ச்சத்தும் நிற்கும். இது முழுக்க முழுக்கத் தொழில் அறிவு. அதே உட்காரலில்தான், இதயம் நின்றால் அமுக்கி எழுப்ப வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியையும் விவியனுக்குப் புரிகிற மொழியில் எடுத்து வைக்கிறாள். டாக்டர்கள் தள்ளிப்போட்ட பேச்சு அது.

உண்மையில் இந்த வார்டு நர்ஸுகளின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று கொஞ்ச நாளாகப் படித்துவருகிறேன். கீமோவுக்குப் பிறகு நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இறங்கிய ஒருவருக்கு 38.3 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால், நமக்கு அது பாராசிட்டமால் சமாச்சாரம். அங்கே அது அவசர நிலை; ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். சீழ்கூடப் பிடிக்காது, ஏனென்றால் சீழாக மாற வெள்ளணு இல்லை. ஆகவே காய்ச்சல் ஒன்றுதான் கிடைக்கும் தடயம். அதை முதலில் பார்ப்பது தெர்மாமீட்டரோடு நிற்கிற நர்ஸ். ரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் படுக்கையை விட்டு நகராமல் பார்ப்பதும் அவர்தான்.

ரத்தப் புற்றுநோய் வார்டில் இன்னும் பயங்கரமான ஒன்று உண்டு. வின்கிறிஸ்டின் என்ற மருந்தை ரத்தக்குழாயில்தான் ஏற்ற வேண்டும். அதே நோயாளிக்கு முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்ஸேட் போடவேண்டியும் வரும். ரெண்டு சிரிஞ்சும் மாறி, வின்கிறிஸ்டின் முதுகுத்தண்டுக்குள் போனால் அநேகமாக மரணம்தான். பல நாடுகளில் நடந்திருக்கிறது. 2007-ல் உலக சுகாதார நிறுவனம், இதை சிரிஞ்சில் வைக்காதீர்கள், சின்னப் பையில் கலந்து ஏற்றுங்கள் என்று எச்சரித்தது. பையை யாரும் முதுகு ஊசியோடு சேர்க்கமாட்டார்கள் என்பது கணக்கு. (எங்கள் தொழிலிலும் இதைத்தான் செய்வோம்: தப்பான பட்டனுக்கு எச்சரிக்கை எழுதாதே, பட்டனையே எடுத்துவிடு.) அதற்கு மேலும் இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர், மருந்து, அளவு, வழி எல்லாம் சரிபார்க்கிறார்கள். இதில் மனசு நல்லதா என்பதற்கு இடமே இல்லை. கண் கூர்மையா என்பதுதான்.

கடைசிக் காட்சியையும் இப்படிப் பார்க்கலாம். இளம் டாக்டர் ஜேசன் பதறிப்போய் விவியனின் நெஞ்சை அமுக்குகிறான், சூசி அவனைப் பிடித்துத் தள்ளுகிறாள். அவளுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுப்பது அன்பு மட்டுமல்ல, கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்கும் உத்தரவு. அதை எழுதவைத்த வேலையைத் தொடங்கியவள் அவள்.

எட்சன் 1985-ல் வாஷிங்டனில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையின் எய்ட்ஸ், புற்றுநோய் வார்டில் கிளார்க்காக இருந்தவர். வார்டின் பேச்சு அவர் காதில் சரியாக விழுந்திருக்கிறது. அதனால்தான் எனக்கு ஒரு இடம் ரொம்ப உறுத்துகிறது. விவியன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு வந்து சேரும்போது, அடுத்த சுற்றில் டோஸைக் குறைக்கச் சொல்லிப் பெரிய டாக்டரிடம் பேசு என்று சூசி ஜேசனிடம் கேட்கிறாள். முடியாது, முழு டோஸ்தான், அவர் தாங்குவார் என்கிறான். அவ்வளவுதான், படம் நகர்ந்துவிடுகிறது. சூசி ஏன் நேராகப் பெரிய டாக்டரிடம் போகவில்லை? போக வழி இருந்ததா? அன்பான நர்ஸாக அவளைக் காட்ட ஒரு முழுக் குச்சி ஐஸுக்கு நேரம் இருந்த படத்துக்கு, இதற்கு இரண்டு நிமிடம் இல்லை.