நாற்காலிக் கல்வி

பாஸ்டன் நகரில், சார்லஸ் ஆற்றங்கரையில், 1908-இல் தோன்றிய ஹார்வர்டு வணிகப் பள்ளி நிற்கிறது. எம்.பி.ஏ. என்னும் பட்டத்தை உலகுக்கு முதன்முதல் வழங்கிய இடம் அது. அங்கே 2004 முதல் 2006 வரை பயின்ற இதழாளர் பிலிப் டெல்வ்ஸ் ப்ரோட்டன், 2008-இல் வெளியிட்ட 'அஹெட் ஆஃப் த கர்வ்' என்னும் அனுபவ நூலைப் படித்தோம்.

இலண்டன் நாளேடொன்றின் பாரிஸ் செய்தியாளர் அவர். தேர்வெழுதி, தம்மைப் பற்றியே கட்டுரைகள் தீட்டி விண்ணப்பித்து, இடம் பெற்றார். வேலையைத் துறந்து, குடும்பத்தோடு கடல் கடந்தார். பட்டம் பெற்ற நாளிலோ, அவர் கையில் வேலை இல்லை! அதை மறைக்காது எழுதியுள்ளார். அந்த நேர்மையை மனமாரப் பாராட்டுகிறோம்.

அங்கே விரிவுரை குறைவு. ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்த சிக்கலை எழுதிக் கொடுப்பர். அதன் பெயர் 'கேஸ்'. இரவில் அதைப் படித்து, காலையில் ஏறத்தாழ 90 பேர் கூடிய வகுப்பில் வாதிட வேண்டும். ஆசிரியர் திடுமென யாரைச் சுட்டுவாரோ, அவரே தொடங்க வேண்டும். "நீ நிர்வாகியானால் என்ன செய்வாய்?" என்பதே வினா. துணிந்து முடிவெடுக்க இது நல்ல பயிற்சிதான்.

ஆனால், வினா எப்போதும் நாற்காலியில் இருப்பவனை நோக்கியே எழுகிறதே! ஆலையை மூடுவதா என்று ஆராயும் வகுப்பில், மூடிய கதவுக்கு வெளியே நிற்பவனின் குரல் எங்கே? இரு தரப்பையும் கேட்டெழுதும் தொழிலில் வளர்ந்த ஆசிரியர், இதை இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். நூலின் பெருங்குறை இதுவே.

என்ரான் தலைவராயிருந்த ஜெஃப்ரி ஸ்கில்லிங், 1979-இல் இப்பள்ளியில் முதல் வரிசையில் தேறியவர். 2001-இல் என்ரான் சரிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையும் ஓய்வுகாலச் சேமிப்பும் இழந்தனர். 2006-இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அறிவுக்கா பஞ்சம்? அறிவு யாருக்காக என்னும் எண்ணத்துக்கன்றோ பஞ்சம்!

தகுதி ஒன்றே அளவுகோல் என்பர். இப்பள்ளியின் இரண்டாண்டுப் படிப்பில், முதலாண்டிலேயே சேரப் பெண்கள் 1963 வரை காத்திருக்க நேர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் பெண்ணுக்கா தகுதியில்லை? கதவுக்குத்தான் தகுதியில்லை!

அயல்நாட்டுக் கதைதானே என்று ஒதுக்குவதற்கில்லை. 1961-இல் அகமதாபாத்தில் பிறந்த இந்திய மேலாண்மைக் கழகம் ஹார்வர்டின் ஒத்துழைப்போடு வளர்ந்தது; 'கேஸ்' முறையும் அங்கே வேரூன்றியது. 2011-இல் திருச்சியிலும் அத்தகைய கழகம் எழுந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கின்றனர், விண்ணப்பிக்கவே வேண்டும். எட்டி நிற்பதால் எந்தக் கதவும் திறவாது.

விண்ணப்பிக்குமுன் இந்நூலைப் படிக்கட்டும். வகுப்பில் 'கேஸ்' ஏட்டைப் பிரிக்கையில், நிர்வாகியின் பெயருக்கருகே, வேலை இழக்கப்போகும் தொழிலாளியாகத் தம் தந்தையின் பெயரை எழுதிப் பார்க்கட்டும். பிறகு விடை சொல்லட்டும். அந்த விடைதான் நாட்டுக்கு வேண்டும்.