ஒரு முழம் சிலிகான்

எங்கள் தெருவில் இரண்டு ஆஃப்செட் அச்சகங்கள். காலண்டர் சீசன் வந்துவிட்டால் ராத்திரி பத்து வரை மெஷின் ஓடும். சிவகாசிக்காரர்களுக்கு அது தாலாட்டு மாதிரி. அது நின்றால்தான் முழிப்பு வரும். அப்படி முழித்துக் கிடந்த ஒரு ராத்திரியில்தான் கூடத்து மீன் தொட்டியின் உறுமலை முதன்முதலாகக் கவனித்தேன். தலையணையில் காதை வைத்தால் கட்டில் கால் வழியாகவே 'ம்ம்ம்' என்று ஏறி வந்தது.

மூன்றடித் தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, அடியில் வடிகட்டுவதற்கு ஒரு சம்ப். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது மணிக்கு 2,000 லிட்டர் தள்ளும் நீர்மூழ்கி பம்ப். அரை அங்குல பிவிசி பைப் பம்பில் தொடங்கி நேரே மேலேறி, இரண்டு இடத்தில் ஸ்டாண்டோடு கிளாம்ப் போடப்பட்டு, தொட்டி விளிம்பில் எல்போவாக வளையும். பார்க்கச் சுத்தமான வேலை.

பம்ப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கழற்றினேன். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சுழலிமேல் சுண்ணாம்பு படியும். வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பைப் இல்லாமல் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஓடவிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. குனிந்து காதை வைத்தால் ஒழிய ஒன்றும் கேட்கவில்லை.

நம் வீட்டுக்கு வருவது 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். இந்த வகை பம்புக்குள் இருக்கும் காந்தச் சுழலி அதற்கு ஈடுகொடுத்து நொடிக்கு 50 சுற்று, நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. அந்தச் சின்ன நடுக்கத்தைக் கெட்டிப் பைப் அப்படியே வாங்கி ஸ்டாண்டுக்கும் கண்ணாடிக்கும் கடத்துகிறது. வீணைத் தந்தியை மட்டும் தனியே மீட்டினால் எவ்வளவு கேட்கும்? குடம் சேர்ந்தால்தானே நாதம். எங்கள் வீட்டில் மூன்றடிக் கண்ணாடி அந்தக் குடமாக இருந்தது.

பக்கத்து அச்சகத்து மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். "கம்ப்ரஸரையும் இரும்பு லைனையும் நாங்க நேரா முடுக்க மாட்டோம் தம்பி. நடுவுல ஒரு முழம் ரப்பர் ஹோஸ் விடுவோம். இல்லேன்னா சுவரே பேசும்" என்றார். அதையே செய்து பார்த்தேன்.

அளக்க எனக்குக் கிடைத்த கருவி தீப்பெட்டி. பாதி குச்சி உள்ள பெட்டியை ஸ்டாண்டின் மேல் சட்டத்தில் படுக்கவைத்தால், அதிர்வு இருக்கும்வரை உள்ளே குச்சிகள் கிசுகிசுவென்று உரசிக்கொண்டே இருக்கும். பழைய பிவிசியில் கூடத்துக்கு நடுவில் நின்றாலே அந்த உரசல் கேட்டது.

முதலில் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் நைலான் பின்னல் போட்ட ஹோஸ். விலை குறைவு, மடங்காது. ஆனால் அந்தப் பின்னலே அதை விறைப்பாக்கிவிடுகிறது. குச்சிகளின் உரசல் பாதியாகக் குறைந்தது, அவ்வளவுதான். அடுத்து சாதாரண ஒளி ஊடுருவும் வினைல் குழாய். முதல் வாரம் நன்றாக இருந்தது. ஆனால் வினைல் நாள்பட நாள்பட இறுகிவிடும், இறுகினால் பழைய கதைதான். மூன்றாவதாக 16 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள, உணவுத் தரச் சிலிகான் குழாய். ஒரு மீட்டர் வாங்கிய காசில் பிவிசி முழு நீளமே வாங்கியிருக்கலாம். ஒரு முழம் வெட்டி, பம்ப் வாய்க்கும் பிவிசிக்கும் நடுவே மாட்டி, சுவிட்சைப் போட்டேன். தீப்பெட்டி அமைதியாகிவிட்டது. எடுத்துக் காதோரம் வைத்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை.

மாட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் தடவை குழாயை இழுத்து விறைப்பாக மாட்டிவிட்டேன். உறுமல் திரும்பி வந்தது. குழாய் லேசாக வளைந்து, தொய்வாக நிற்க வேண்டும். அதற்காக ஒரேயடியாக வளைத்தால் சிலிகான் மடிந்து தண்ணீர் குறையும். கிளாம்பை அளவுக்கு மீறி முடுக்கினால் குழாயை அறுத்துவிடும். அகலப் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பம்பின் ரப்பர் கால்கள் இறுகிப்போயிருந்தால் அடியில் தடித்த ஸ்பாஞ்சு வையுங்கள். ஒயரை ஸ்டாண்டோடு இறுக்கிக் கட்டாதீர்கள், அதுவும் அதிர்வைக் கடத்தும். குழாயை மேல் நுனி வரை சிலிகானாகவே விடுவதும் ஆபத்து. நுனி நழுவி வெளியே விழுந்தால் சம்ப் தண்ணீர் மொத்தமும் கூடத்தில்தான். மேல்பாதி பிவிசியாகவே இருக்கட்டும், தண்ணீர் மட்டத்தருகே அதில் ஒரு சிறு துளையும் போட்டுவிடுங்கள். மின்தடை வரும்போது தண்ணீர் சைஃபன் ஆகி சம்புக்குள் இறங்கிவிடாது.

நம் தூக்கத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தொட்டியில் இருப்பவை கோல்ட்ஃபிஷ். கெண்டை இனத்தில் காற்றுப்பையையும் உள்காதையும் சின்னஞ்சிறு எலும்புகள் இணைக்கின்றன. அதனால் மற்ற பல மீன்களைவிட இவற்றுக்குக் கூர்மையாகக் கேட்கும். உடலின் இருபுறமும் ஓடும் பக்கக்கோடு நீரின் அசைவை உணரும். நமக்குச் சுவர் தாண்டி வந்த உறுமல், இரண்டு வருடமாக அவற்றுக்கு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. முன்பே வாளியில் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் முதல் நாளே இந்த ஒரு முழத்தைச் சேர்த்துவிடுங்கள். டிசி பம்ப் வாங்க வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அதையும் கெட்டிப் பைப்பில் மாட்டாதீர்கள்.

இப்போது ராத்திரியில் மிச்சமிருப்பது மேல் தொட்டியிலிருந்து சம்புக்குத் தண்ணீர் விழும் சலசலப்பு. அதையும் அடக்கக் குழாய் வாங்கி வைத்திருந்தேன். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டுமாம்.