‘கேஸ்’: நாம் அதிகம் எழுதிய இலக்கியம்

எமது பேச்சுத்தமிழில் ‘விசா’ என்ற சொல், சட்டத்தில் அதற்கில்லாத சுமைகளையெல்லாம் சுமக்கிறது. சட்டப்படி விசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி, அவ்வளவே. வதிவிட உரிமை வேறு, நிரந்தர வதிவிடம் வேறு, குடியுரிமை வேறு. ஆனால் பாரிஸ் லாச்சப்பலில் நின்று ‘அவருக்கு விசா கிடைச்சிட்டுதாம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் அகதியாக ஏற்கப்பட்டுப் பத்து வருடக் கார்ட் கைக்கு வந்துவிட்டது என்பதே அர்த்தம். இதை அறியாமை என்று சிரிக்க எனக்கு மனமில்லை. மாணவருக்கும் பொறியியலாளருக்கும் குடிவரவு வழிகாட்டிகள் காட்டும் பாதை விசா, வேலை, சில வருடங்கள், மொழிப் பரீட்சை, நிரந்தர வதிவிடம் என்று படிப்படியாக ஏறிச் செல்வது. எம்மவரில் பெரும்பாலானவர்களுக்கு அப்படிப் படிகள் இருக்கவில்லை. இருந்தது ஒரேயொரு வாசல். அந்த வாசலைத் திறப்பதற்கு ஒரு கதை தேவைப்பட்டது. அந்தக் கதைக்கு நாம் வைத்த பெயர்தான் ‘கேஸ்’.

புகலிட இலக்கியம் பற்றி எத்தனையோ சந்திப்புகளில் பேசித் தீர்த்திருக்கிறோம். பேச்செல்லாம் கவிதையைப் பற்றியும் சிறுகதையைப் பற்றியும்தான். ஐரோப்பாவில் ஈழத்தமிழர் அதிகமாக எழுதியதும், எழுதுவித்ததும், மனப்பாடம் செய்ததும் கேஸ்தான் என்பதை யாரும் கணக்கிலெடுப்பதில்லை. 90களில் சிலருக்கு இந்தக் கடிதங்களைப் பிரெஞ்சில் எழுத உதவியவன் என்ற வகையில் அதன் இலக்கணம் எனக்குப் பரிச்சயம். பிறந்த ஊர், படித்த பாடசாலை, சுற்றிவளைப்பு, கைது, சித்திரவதை, காசு கொடுத்து விடுதலை, கொழும்பு லொட்ஜ், ஏஜென்சி, விமானம். எல்லாம் திகதி வாரியாக. அழுகைக்கு அதில் இடமுண்டு, தயக்கத்துக்கு இல்லை. ‘எனக்குச் சரியாக ஞாபகமில்லை’ என்று உண்மையைச் சொன்னவரின் மனுவே முதலில் நிராகரிக்கப்பட்டது.

இந்த இலக்கணத்தை வகுத்தவர்கள் நாமல்ல. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் இனம், மதம், தேசியம், சமூகக்குழு, அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களில் ஒன்றினால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தைக் கேட்கிறது. ஷெல்லடிக்குப் பயந்து பிள்ளைகளோடு ஓடிவந்த ஒரு தாய் அந்தச் சட்டத்தின் கண்ணில் தனியாகத் துன்புறுத்தப்பட்டவளல்ல. போரிலிருந்து தப்பியவர்களுக்கும் இடங்கொடுக்கும் துணைப் பாதுகாப்பு என்ற ஏற்பாடு பிரான்சில் 2003 டிசம்பர் சட்டத்தோடுதான் வந்தது. அதற்கு முன் வந்தவர்கள் எல்லோருக்கும் நேர்ந்ததைத் தமக்கு மட்டும் நேர்ந்ததாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இதைவிடப் பாரதூரமான ஒன்றும் உண்டு. அதே 2003 சட்டம் வரும்வரை பிரெஞ்சு நடைமுறை, துன்புறுத்துபவர் அரசாக இருக்க வேண்டும், அல்லது அரசு அதற்குத் துணைபோயிருக்க வேண்டும் என்றே வாதாடியது. ஜேர்மனியிலும் 2005 வரை கிட்டத்தட்ட இதே நிலைமைதான். அப்படியானால் 1986இல் புலிகள் ரெலோவை அழித்தபோது தப்பி ஓடிவந்தவர் என்ன எழுதுவார்? இயக்கச் சிறையில் இருந்தவர் என்ன எழுதுவார்? அடித்த கைக்கு இராணுவச் சீருடை போட்டு எழுதினார்கள். இராணுவம் செய்த கொடுமைகளுக்குக் குறைவில்லை, ஆகவே அந்தக் கதை பொய்யாகவும் தோன்றவில்லை. இயக்கங்களின் வன்முறையை எமது பத்திரிகைகள் மறைத்ததைப் பற்றி நிறைய எழுதிவிட்டோம். ஐரோப்பிய அரசுகளின் அகதிச் சட்டம் அந்த மறைப்புக்குச் செய்த உபகாரத்தைப் பற்றி யார் எழுதினோம்?

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) ஓர் அகதி விண்ணப்பக் கடிதத்தோடு தொடங்குவது வெறும் உத்தி அல்ல என்று நான் கருதுவது இதனால்தான். கடிதத்தில் ஒரு வாழ்வு திகதிகளாகச் சுருங்கிக் கிடக்கிறது. பின்னால் வரும் நாவல் கேஸுக்குள் அடங்காதவற்றை, தகப்பனை, ஊரை, இயக்கத்துக்குள் நடந்ததை, சிரிப்பை, கொட்டித் தள்ளுகிறது. அடிக்குறிப்புகள்கூட ஆதாரம் கேட்கும் அதிகாரியைக் கேலி செய்வது போலவே எனக்குப் படுகின்றன. நான் கேட்ட இலக்கியப் பேச்சுகளிலோ ‘இதில் எது உண்மை, எது கற்பனை’ என்ற விசாரணைதான் மேலோங்கியிருந்தது. அது ஒஃப்ப்ரா அதிகாரியின் வாசிப்பு. முரண்பாடு கண்டுபிடிக்கும் அந்தப் பழக்கம் எமது விமர்சகர்களுக்கும் தொற்றிவிட்டது.

ஷோபாசக்தி கதாநாயகனாக நடித்து, 2015இல் கான் விழாவில் தங்கப்பனை பெற்ற ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ இதே இடத்தில் தொடங்கி வழிதவறுகிறது. இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டுகளில் மூன்று அந்நியர்கள் கணவன், மனைவி, மகளாகிறார்கள். அகதி நேர்காணலில் தீபன் ஒப்பிக்கும் பாடக்கதையை மொழிபெயர்ப்பாளர் கண்டுகொள்ளும் காட்சியில் எமது முப்பது வருடத்துச் சங்கடம் முழுவதும் இருக்கிறது. ஆனால் ஓடியாருக்குக் கடதாசியில் அக்கறை இல்லை. அவருக்குத் துப்பாக்கி வேண்டும், புறநகர்க் கும்பல் வேண்டும். கேஸில் எழுதிய பெயரோடும் வயதோடும் சாகும்வரை வாழ்வதென்ற பயங்கரம் படத்துக்கு எட்டவில்லை. தம்பியை மகன் என்று பதிந்தவர், பின்னர் உண்மையான மகனைக் கூப்பிடும்போது பழைய ஃபைலோடு மல்லுக்கட்ட வேண்டியிருப்பது கும்பல் சண்டையைவிடக் குறைந்த நாடகமா?

கடைசியில் தீபனும் குடும்பமும் இங்கிலாந்தில், வெயிலில், தோட்டத்து விருந்தில் நிற்கிறார்கள். பிரெஞ்சு விமர்சகர்கள் இது கனவா நனவா என்று விவாதித்தார்கள். எம்மவருக்கு எழுந்த கேள்வி வேறு: எந்த விசாவில் போனார்கள்? பிரான்ஸ் கொடுக்கும் அகதி அந்தஸ்தும் பத்து வருடக் கார்டும் இங்கிலாந்தில் குடியேறும் உரிமையைத் தருவதில்லை. அகதிப் பிரயாணப் பத்திரத்தோடு பல நாடுகளைப் பார்க்கலாம், சொந்த நாட்டைத் தவிர. லண்டனுக்குக் குடிபெயர்ந்த எம்மவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, டச்சு, ஜேர்மன் குடியுரிமை எடுத்த பின்னரே, ஐரோப்பியப் பிரஜைகளாகவே போனார்கள். 2020 டிசம்பர் 31ஓடு அந்த வழியும் புதிதாகப் போகிறவர்களுக்கு அடைபட்டது.

பிரான்சில் அகதிக் கோவைகள் சட்டப்படி இரகசியமானவை. நாளைக்கு அவை திறக்கப்படும்போது எமது வரலாற்றை எழுத வருபவர் அவற்றை முதல்தரச் சாட்சியமாகக் கொள்வார். அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேறு ஏதாவது இருக்க வேண்டும். இச்சஞ்சிகை ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கலாம். கேஸில் எழுத முடியாமற்போனதை இப்போது எழுதுங்கள் என்று கேட்கலாம். மோசடி என்று காட்டி அந்தஸ்தைப் பறிக்கச் சட்டத்தில் இடமிருப்பதால் பெயர், ஊர், கோவை இலக்கம் எதையும் எழுத வேண்டாம். யார் அடித்தார்கள் என்பதை மட்டும் மாற்றாமல் எழுதினால் போதும்.