கூரை தெரிகிறது, குடும்பம் தெரியவில்லை

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு வரைபடம் புதிதல்ல. எந்த மலை எத்தனை ஏக்கர், எந்த மலையில் எந்த ஆண்டு கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கத்தரித்தல்), ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலை எங்கே, பங்களா எங்கே என்பதெல்லாம் தோட்ட அலுவலகத்தின் வரைபடத்தில் பிசகாமல் இருக்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் இருக்கும், சிறு கட்டங்களாக. அவற்றுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது அந்த வரைபடத்தின் கவலையல்ல. அது தேயிலைக்காக வரையப்பட்டது.

வரைபடத்தின் மீது தோட்ட அலுவலகத்துக்கு இருந்த ஏகபோகத்தைச் செய்மதிப் படம் உடைத்தது. தோட்டத்துக்குள் சங்கிலி பிடித்து அளக்க நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்க்க யாருடைய சம்மதமும் வேண்டாம். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் இலவசம். 2015 இல் முதற்செய்மதி ஏவப்பட்ட சென்டினல்-2 இன் படங்களும் இலவசம். 2004 இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், உயர்தெளிவுப் படத்தின் மேல் வீதியையும் வீட்டையும் எவரும் வரைந்து சேர்க்கலாம். கூகிளின் ஓப்பன் பில்டிங்ஸ், கணினியே அடையாளம் கண்ட கட்டடங்களின் தொகுப்பு. 2021 இல் ஆப்பிரிக்காவுக்கென வெளிவந்து, பிறகு தெற்காசியாவுக்கும் விரிந்தது. 2023 பதிப்பில் 180 கோடிக் கட்டடங்கள். அட்டனில் ஒரு மடிக்கணினியோடு இருக்கும் இளைஞர், தன் தோட்டத்தின் வரைபடத்தை நிர்வாகியான துரையிடம் கேட்காமலே ஆக்கிவிடலாம். செய்மதி வரைபட முறைக்குச் சார்பாகச் சொல்லத்தக்க மிக வலுவான வாதம் இதுதான்.

அனர்த்த காலத்தில் பயன் இன்னும் வெளிப்படை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைப்பாதைகள் பல துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாட்களில் எந்தச் சரிவு இறங்கியது, அதன் கீழே கட்டடங்கள் இருந்தனவா என்பதை முன்-பின் படங்களை ஒப்பிட்டுத்தான் விரைவில் சொல்ல முடியும். முகில் மறைத்தால் ரேடார் படம் கைகொடுக்கும். செங்குத்தான மலைகளில் அதற்கும் பார்வை படாத பக்கங்கள் உண்டு.

குறை தொடங்குவது கூரையில். பழைய லயத்தில் ஒரு குடும்பத்துக்கான அறையாகிய காம்பரா ஒன்று ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. சென்டினல் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அந்த ஒற்றைப் புள்ளியின் பரப்பு ஏறத்தாழ ஒன்பது காம்பராக்களின் பரப்புக்குச் சமம். அரை மீட்டர் தெளிவுள்ள படத்தில் லயம் நன்றாகவே தெரியும். ஆனால் தெரிவது நீண்ட ஒரே தகரக் கூரை. கணினி அதை ஒரு கட்டடம் என்று பதிகிறது. துரை பங்களாவும் ஒரு கட்டடம், முதுகோடு முதுகு ஒட்டிய இருபத்துநான்கு காம்பரா லயமும் ஒரு கட்டடம். பரப்பளவைக் கணக்கில் எடுத்துச் சனத்தொகையைப் பங்கிட்டாலும் தப்ப முடியாது. யாரும் குடியிருக்காத ஸ்டோரின் பெருங்கூரை, பட்டியலில் ஜனநெரிசலான இடமாகிவிடும்.

பழகிய கண் இதே படத்தில் வேறொன்றை வாசிக்கும். ஒரு குடும்பம் தன் பங்குக்குப் புதுத் தகரம் போட்டிருக்கும். பக்கத்துக் காம்பராவின் தகரம் துருவேறிக் கிடக்கும். பின்னால் இழுத்துக் கட்டிய குசினியின் மேல் நீலத் தறப்பாள். இந்த நிற மாற்றங்களை எண்ணினால் காம்பராக்களை ஓரளவு பிரித்தறியலாம். அப்போதும் ஒரே காம்பராவில் அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் தனித்தனி அடுப்பு வைத்திருப்பதை எந்தச் செய்மதியும் காட்டாது.

நிலப் பயன்பாட்டிலும் இதே கதை. கவ்வாத்து வெட்டிய மலை படத்தில் வெறும் தரையாகத் தெரியும். சில மாதங்களில் துளிர்த்து மறுபடி பச்சையாகும். ஒரே நாள் படத்தை வைத்து முடிவு கட்டுபவர் அதைக் கைவிடப்பட்ட காணி என்று எழுதிவிடுவார். உண்மையில் கைவிடப்பட்டுக் காடேறிய தேயிலையோ, நிழல்மரங்களோடு சேர்ந்து அடர்ந்த தோப்பாகத் தோன்றும். தென்மேல் பருவத்தில் அட்டன், மஸ்கெலியாப் பக்கம் மாதக்கணக்கில் முகில் விலகாது. ஆகவே படங்கள் வரட்சி மாதங்களிலேயே குவிகின்றன. மழைக்கால மரக்கறிப் பாத்திகள் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இவை தொழில்நுட்பக் குறைகள், உழைத்தால் குறைக்கலாம். இதைவிட ஆழமான கேள்வி, வரைபடம் இருந்தால் என்ன நடக்கிறது என்பது. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த, மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, குடிகளை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. தெரியாமல் நேர்ந்ததல்ல அது. போவதற்கு மக்களுக்குச் சொந்தக் காணி இல்லை. அனர்த்தத்துக்குப் பின், நூறைத் தாண்டும் என்று அஞ்சப்பட்ட காணாமற்போனோர் தொகை பின்னர் வெகுவாகக் குறைந்தது. அன்று காலை எந்தக் காம்பராவில் எத்தனை பேர் என்று சொல்லக்கூடிய பதிவு மீட்பவர்கள் கையில் இல்லை.

மறுபக்கமும் உண்டு. பார்வை மக்களுக்கு மட்டும் கிடைப்பதில்லை. லயத்தின் பக்கத்தில் இழுத்துக் கட்டிய அறை, ஓடைக்கரையில் போட்ட லீக்ஸ் பாத்தி ஆகியவற்றை நிவாரணப் பணியாளர் 'வாழிடம்' என்று குறிப்பார். தோட்டத்தை நடத்தும் கம்பனியோ அதே படத்தில் அவற்றை 'அத்துமீறல்' என்று குறிக்கலாம். 2023 ஆகஸ்டில் மாத்தளை ரத்வத்த தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிக வீடு உடைக்கப்பட்டது. அதற்குச் செய்மதி தேவைப்படவில்லைதான். ஆனால் உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் வாழும் மக்களின் ஒவ்வொரு கூரையையும் பகிரங்கப்படுத்தும்போது, அதை முதலில் யார் எதற்குப் பயன்படுத்துவார் என்று கேட்காமல் இருக்க முடியாது.

அப்படியானால் கைவிடுவதா? இல்லை. பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்ய இருந்த சட்டத்தடை 2018 இன் திருத்தத்தோடு நீங்கியது. வீதி விளக்கும் குடிநீர்க் குழாயும் திட்டமிட, சபைக்கு எங்கே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். கடிதம் இன்றும் தோட்ட அலுவலகம் வழியாகவே வரும் குடும்பங்களுக்கு, வரைபடத்தில் ஓர் இலக்கம் கிடைப்பது முகவரியின் தொடக்கம். தோட்டக் குடும்பம் ஒன்றுக்கென 2015 க்குப் பின் பேசப்படும் 7 பேர்ச்சஸ் காணி சென்டினல் படத்தில் இரண்டு புள்ளிக்கும் குறைவு. அதன் எல்லையைத் தரையில் நின்றுதான் அளக்க வேண்டும். எங்கே தட்டையான, சரிவு அபாயமற்ற நிலம் இருக்கிறது என்று தேடத் தொடங்கவோ, படமே மலிவான வழி.

எனவே செய்மதி வரைபடத்தை முதற்படியாக ஏற்கலாம். கணக்கெடுப்பாக ஏற்கக் கூடாது. கூரையை வரைந்த பின் லயம் லயமாக நடந்து, காம்பராக்களையும் அடுப்புகளையும் எண்ணி, அந்த இடத்துக்கு மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயரையும் எழுதிச் சேர்ப்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத வேலையல்ல. குடும்பங்களின் பெயர்ப்பட்டியல் பொதுத்தளத்துக்குப் போகாமல் சபையிடமும் அந்தந்தக் குடும்பத்திடமும் இருக்கட்டும். இந்த இரண்டாம் படிக்குப் பணமும் நாளும் ஒதுக்காத எந்தத் திட்டத்தின் தொகையையும் வைத்து, அது அரசுடையதானாலும் தொண்டு நிறுவனத்தினுடையதானாலும், வீடோ நிவாரணமோ பங்கிடக் கூடாது.