நிழலை விற்பவர்கள்

"அங்கிள், இதுல எது ஓகே?" என்று செல்போனை நீட்டினான் மேல் ஃப்ளாட் பையன். மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு எட்டு மாதமாக வேலை தேடுகிறான். போனில் பதினோரு போட்டோ. பதினொன்றிலும் அவன். பதினொன்றிலும் அதே கறுப்பு கோட்டு. மாமாவுடையதாம், தோளில் கொஞ்சம் வழிந்தது. கை கட்டி, கட்டாமல், சிரித்து, சிரிக்காமல், தூரத்தில் லட்சியம் எதுவோ தெரிகிற மாதிரி பார்த்து...

"எங்கே போடப்போறே?"

"லிங்க்ட்இன்ல அங்கிள். படம் இல்லாத போஸ்ட்டை யாரும் பார்க்கறதில்லையாம்."

"சரி, என்ன எழுதப்போறே?"

"அது இன்னும் யோசிக்கலை."

இந்த வாரம் நாம் பேசவேண்டியது அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான்.

லிங்க்ட்இன் என்பது உத்தியோகம் பார்ப்பவர்களும் தேடுபவர்களும் ஆள் எடுப்பவர்களும் கூடும் சந்தை. 2003-ல் ஆரம்பித்தது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் அதை 2,620 கோடி டாலருக்குப் பேசி முடித்தது. முதல் நாலு வருஷம் அங்கே யாருக்கும் முகமே கிடையாது என்றால் நம்புவீர்களா? பெயர், படிப்பு, பார்த்த வேலை, அவ்வளவுதான். 2007-ல் போட்டோ வந்தது. 2017-ல் வீடியோ. இன்றைக்கு உள்ளே நுழைந்தால் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கிறது.

சினிமா விமரிசனத்துக்குப் போகிற சிரத்தையோடு ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். படங்களில் சில ரகங்கள் தெரிந்தன.

முதல் ரகம், சீர்வரிசை. புதுக் கம்பெனி கொடுத்த பை, காபி கோப்பை, டைரி, லேப்டாப் எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, நடுநாயகமாக அடையாள அட்டை. அட்டையில் ஊழியர் எண்கூடப் பளிச்சென்று தெரிகிறது. அதைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற திருடனும் லிங்க்ட்இன் பார்ப்பான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது, மேடை. கையில் மைக், பின்னால் திரையில் பாதி வார்த்தை. என்ன பேசினார் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

மூன்றாவது, வாடகைப் படம். குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள், மலை உச்சியில் ஒருவர், எரியும் பல்பு. இந்தக் கைகள் யாருடையவை? அந்த மலை எங்கே இருக்கிறது? யாருக்கும் தெரியாது, கவலையும் இல்லை.

நான்காவது, காரில் உட்கார்ந்து எடுத்த தன் முகம், கீழே வாழ்க்கைத் தத்துவம். முகத்துக்கும் தத்துவத்துக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது.

இப்படிக் கிண்டல் பண்ணிவிட்டுப் போவது சுலபம். ஆனால், அதே வாரத்தில் இன்னொரு படமும் கண்ணில் பட்டது. முதல் வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி, அப்பா அம்மாவை ஆபீஸ் வாசலில் நிற்கவைத்து எடுத்தது. கண்ணாடிக் கதவு, வழுவழுவென்று தரை. அப்பா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார். ஆபீஸுக்குள் செருப்போடு போகலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பத்துப் பக்கம் எழுதினாலும் வராத ஒன்று அந்த ஜோடிச் செருப்பில் இருந்தது. ஆகவே, படம் போடுவது தப்பில்லை. படம் எதற்காக வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

இந்த வியாதி லிங்க்ட்இன்னோடு வந்ததும் இல்லை. பாரீஸில் டிஸ்டேரி என்ற போட்டோக்காரர் 1854-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். ஒரே தகட்டில் பல சின்னப் படங்கள் எடுத்து, வெட்டி, அட்டையில் ஒட்டி, விசிட்டிங் கார்டு அளவில் மலிவாகக் கொடுக்கும் முறை. பெயரே 'கார்ட் த விஸித்'. அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் பைத்தியமாக அலைந்தன. ஸ்டூடியோவில் பொய்த் தூண், வரைந்த தோட்டம், கைக்கு ஒரு புத்தகம். புத்தகத்தைப் படிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்றைய வாடகை மலைக்கு அந்தப் பொய்த் தூண்தான் தாத்தா.

இந்த அட்டையால் பலன் இருந்ததா என்றால், இருந்தது! 1860 பிப்ரவரி 27 அன்று நியூயார்க்கில் கூப்பர் யூனியனில் பேச வந்த லிங்கனை மேத்யூ பிரேடி படம் எடுத்தார். நீளக் கழுத்து தெரியாமல் இருக்க காலரைக் கொஞ்சம் தூக்கிவிட்டார். அந்தப் படம் பத்திரிகைகளிலும் அட்டைகளிலும் ஊர் ஊராகப் போனது. நவம்பரில் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். காலரால் ஜெயித்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், காலர் விஷயத்தில் பிரேடி காட்டிய அக்கறை வீண் என்றும் சொல்லமாட்டேன்.

காரணம், நம் கண் அப்படி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜெனீன் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் இருவரும் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். பார்த்தவர்கள் அதற்குள்ளேயே இவர் நம்பத்தகுந்தவர், இவர் கெட்டிக்காரர் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நேரம் அதிகம் கொடுத்தால் தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. 'நான் நினைத்தது சரிதான்' என்ற தைரியம்தான் கூடியது. கவனியுங்கள், தீர்ப்பு சரி என்று ஆய்வு சொல்லவில்லை. சீக்கிரம் எழுதப்படுகிறது என்றுதான் சொல்கிறது. அமெரிக்காவில் ரெஸ்யூமேயில் போட்டோ ஒட்டாதே என்று சொல்லிக்கொடுப்பதும் இந்தப் பயத்தால்தான். நிறமும் வயதும் முகவெட்டும் வேலையைத் தீர்மானித்துவிடக் கூடாது. கதவு வழியாக வேண்டாம் என்று தடுத்த முகம், லிங்க்ட்இன் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்படியானால் வேலை தேடுகிறவன் என்ன செய்ய? அந்தக் காலத்து அட்டைக் கும்பலிலேயே இதற்கு விடை சொன்ன ஒரு பெண்மணி இருக்கிறார்.

சோஜர்னர் ட்ரூத். நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1826-ல் தப்பி வந்து, அடிமைமுறைக்கு எதிராகவும் பெண்கள் உரிமைக்காகவும் ஊர் ஊராகப் பேசியவர். எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டங்களில் தன் போட்டோ அட்டையை விற்று, அந்தக் காசில் சாப்பிட்டார். படத்தில் நல்ல சால்வை, வெள்ளைத் தொப்பி, மடியில் பின்னிக்கொண்டிருக்கும் கம்பளி நூல். 1864-ல் படத்தின் உரிமையைத் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். ஒருகாலத்தில் அவர் உடம்பையே விலைக்கு வாங்கினார்கள். இப்போது அவர் படத்துக்கு அவரே சொந்தக்காரி! அட்டையின் அடியில் ஒரு வரி அச்சிட்டிருந்தார். நிழலை விற்கிறேன், நிஜத்தைக் காப்பாற்றுவதற்காக என்று அதற்குப் பொருள்.

இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. அவருக்கு நிழல் எது, நிஜம் எது என்று தெரிந்திருந்தது. நிழலை விற்பது பாவமில்லை. நிஜம் ஒன்று பின்னால் இருக்கவேண்டும்.

இந்த அளவுகோலை 2022 ஆகஸ்டில் லிங்க்ட்இன்னில் பரபரப்பான ஒரு படத்துக்கு வைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரு சின்ன மார்க்கெட்டிங் கம்பெனியின் தலைவர் ஆட்குறைப்பு செய்துவிட்டு, தான் கண்ணீர் விடும் செல்ஃபியை எடுத்துப் போட்டார். உலகமே திட்டியது. அவர் பொய்யாக அழுதார் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் படத்தின் தவறு கண்ணீரில் இல்லை, சட்டத்துக்குள் யார் இருக்கிறார் என்பதில் இருக்கிறது. அன்றைக்கு வேலை போனது வேறு ஆட்களுக்கு. படத்தில் முழுக்க இவர் முகம். துக்கம் அவர்களுடையது, நெருக்கக் காட்சி இவருக்கு!

இதே பிழையின் சிரிக்கிற வடிவம்தான் நம் ஊர் பிஸ்கெட் பாக்கெட் படம். கம்பெனிப் பனியன் போட்ட பத்துப் பேர் பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தையிடம் ஒரு பாக்கெட்டை நீட்டுகிறார்கள். பத்துப் பேரும் கேமராவைப் பார்க்கிறார்கள். குழந்தை பாக்கெட்டைப் பார்க்கிறது. அந்தக் குழந்தையின் வீட்டில் யாராவது கேட்டார்களா? இருபது வயதில் அவன் வேலை தேடும்போது இந்தப் படம் எங்காவது கிடக்கும். சோஜர்னர் ட்ரூத் தன் நிழலை விற்றார். இவர்கள் அடுத்தவன் நிழலை விற்கிறார்கள்.

வீடியோவுக்கும் இதே கணக்குதான், ஒரு கேள்வி கூடுதல். அது அசையத்தான் வேண்டுமா? 1878-ல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். ஓடும்போது நாலு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகிறதா என்ற கேள்விக்கு, ஆமாம் என்று பதில் கிடைத்தது. வெறும் கண்ணால் பார்க்கமுடியாத ஒன்றை அசைவு காட்டியது. நம் வீடியோக்களில் ஐந்து நிமிஷத்துக்கு அசைவது வாய் மட்டும்தான். அதையும் பலர் ஆபீஸிலோ பஸ்ஸிலோ சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். கீழே எழுத்து ஓடாவிட்டால் மீன் தொட்டிதான். காது கேளாதவர்களுக்கு எப்போதுமே மீன் தொட்டி. படத்துக்குப் பக்கத்தில் விவரம் எழுத ஒரு சின்ன இடம் கொடுத்திருக்கிறார்கள். பார்வையற்றவர்களுக்குக் கம்ப்யூட்டர் அதைப் படித்துக் காட்டும். அதில் பலரும் ஒன்றும் எழுதுவதில்லை. எழுத உட்கார்ந்து பாருங்கள், ஒரு நன்மை உண்டு. 'கோட்டு போட்ட ஒருவர்' என்பதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை என்றால், அந்தப் படத்தில் சரக்கு இல்லை என்று நமக்கே தெரிந்துவிடும்.

இப்போது கோட்டுகூட வேண்டாம். செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் கோட்டும் போட்டு, கூட்டத்துக்கு நடுவே மேடையிலும் ஏற்றிவிடுகிறது. ஆகவே, 'நான் அங்கே இருந்தேன்' என்பதற்குப் படம் சாட்சி என்ற காலம் மலையேறிவிட்டது. இனி மிச்சமிருப்பது, இன்னும் ரெண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்லமுடிகிற படம்தான்.

பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நீ கடைசியா கையில அழுக்குப் பட வேலை பார்த்தது எப்போ?" என்று மட்டும் கேட்டேன்.

யோசித்தான். "போன வாரம் நம்ம சம்ப் மோட்டார் ரிப்பேர் ஆச்சே, மெக்கானிக் அண்ணன்கூட நின்னேன்." பழைய பேரிங்கை வாங்கி வைத்திருந்தான். போய் எடுத்துவந்தான். உள்ளே கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருந்தது. வளையத்தில் துருப் புள்ளிகள்.

"சீல் போயி, ஷாஃப்ட் வழியா தண்ணி இறங்கியிருக்கு அங்கிள். பேரிங்கை மட்டும் மாத்தினா திரும்பவும் போயிடும். சீலையும் மாத்தணும்."

"இதைக் கண்டுபிடிச்சது நீயா?"

கொஞ்சம் தயங்கினான். "அண்ணன்தான்."

"அப்படின்னா அதையும் எழுது."

பேரிங் பக்கத்தில் அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்தான். மெக்கானிக்குக்கு போன் போட்டுக் கேட்டான். "பேரைப் போட்டுக்க தம்பி, மூஞ்சி வேணாம்" என்று அனுமதி வந்தது. பழைய பேரிங்கையும் புதுசு ஒன்றையும் விரலால் சுழற்றி எட்டு விநாடி வீடியோ. ஒன்று கரகர, மற்றது சத்தமே இல்லை. இங்கே அசைவும் வேண்டியிருந்தது, ஒலியும் வேண்டியிருந்தது. சத்தத்தை அணைத்தவர்களுக்காக, கீழே 'கரகர' என்று எழுத்திலும் போட்டான்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. லைக்குகூட நாற்பதைத் தாண்டவில்லை. கோட்டுப் படத்துக்கு ஒருவேளை நானூறு வந்திருக்கும்.

ஆனால், மூன்றாம் நாள் பம்ப் தொழிலில் இருக்கும் யாரோ ஒருவர் கேட்டிருந்தார். 'சீல் எந்தப் பக்கம் தேய்ந்திருந்தது? படம் இருக்கிறதா?'

படம் இல்லை. பையன் அந்தப் பழைய சீலைத் தேடி, மோட்டார் ரூம் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கிறான். மாமாவின் கோட்டு மாடிக் கொடியில் காய்கிறது.