நெல்சன் அனுப்பிய பந்து

தலையால் கோல் போடுகிறவரைத் தோளில் தூக்குவார்கள். பந்தை அந்தத் தலைக்கு அனுப்பியவரின் பெயர் மறுநாளே மறந்துபோகும். சென்னையின் எஃப்.சி.யின் வரலாற்றில் தலையாட்டத்தில் கெட்டிக்காரர் யார் என்று தேடப் போனாலும் முதலில் இடறுவது இதுதான்.

2014இல் தொடங்கிய கழகம் இது. அடுத்த ஆண்டே இந்தியன் சூப்பர் லீக் கிண்ணத்தை வென்றது. ஆனால் தலைகளே கிண்ணம் வாங்கிக் கொடுத்தது 2018 மார்ச் 17 அன்று, பெங்களூரு கண்டீரவா அரங்கில், பெங்களூரு அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில்.

ஒன்பதாவது நிமிடத்தில் உதாந்தா சிங் வலப்பக்கமிருந்து அனுப்பிய பந்துக்குச் சுனில் சேத்ரி பாய்ந்து தலை கொடுத்தார். பெங்களூருவுக்கு முதல் கோல். சேத்ரி உயரமான ஆள் இல்லை; பந்து வந்து விழும் இடத்தைத் தன்னைக் காக்க நிற்பவருக்கு அரை நொடி முந்தியே கண்டுபிடித்துவிடுவார், அவ்வளவுதான். பதினேழாவது நிமிடத்தில் சென்னையின் கிரெகரி நெல்சன் கோர்னர் அடிக்க, பிரேசில் நாட்டுப் பின்கள வீரர் மெயில்சன் ஆல்வெஸ் எழும்பி முட்டினார், ஆட்டம் சமநிலை. இடைவேளைக்குச் சற்று முன் அதே நெல்சன், அதே கோர்னர், அதே மெயில்சன். ஒருமுறை வாங்கிய அடியைப் பெங்களூரு காவலர்கள் மறுமுறையும் வாங்கியது இன்றும் புரியாத சங்கதி. ரஃபேல் அகஸ்டோ காலால் சென்னையின் மூன்றாவதைப் போட்டார். கடைசியில் பெங்களூருவின் மீகு ஒன்றைத் தலையால் திருப்பியும் முடிவு 3-2. ஐந்து கோல்களில் நான்கு தலையால் வந்தவை!

அதற்கு நான்கு நாள் முன்பு சென்னையில் நடந்த அரையிறுதியில் கோவாவை 3-0 என்று வீழ்த்தியபோதும் கதை இதுதான். நெல்சன் தூக்கிக் கொடுத்ததை ஜெஜே லால்பெக்லுவா முட்டினார். அடுத்த மூன்று நிமிடத்தில் நெல்சனின் ஃப்ரீ கிக்கில் தனபால் கணேஷ் தலை வைத்தார். கணேஷ் வியாசர்பாடிப் பிள்ளை. இலங்கை மலையகத்தில் லயத்து முற்றத்தில் பந்து பழகி ஹட்டன் டன்பார் மைதானம் வரை வந்த பையன்களுக்கு அந்த வடசென்னைச் சந்துகள் அந்நியமாகத் தெரியாது.

கோல் கணக்கில் ஜெஜே பெரியவர். தலைக்கு மட்டும் என்றால் என் தேர்வு மெயில்சன்தான். ஆனால் இறுதியாட்டத்தில் இரண்டு, அரையிறுதியில் இரண்டு என்று சென்னையின் இந்த நான்கு பந்துகளும் புறப்பட்டது ஒரே காலிலிருந்து. பட்டியலின் தலைப்பில் நெல்சன் பெயரையும் சேர்த்து எழுதுவதே நியாயம்.

மலையகத்து ஆட்டக்காரருக்குத் தலையாட்டத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. வட்டவளைப் பக்கத்து மழையில் அந்தக் காலத்துத் தோல் பந்து நீர் குடித்துக் கனத்துவிடும். அதை நெற்றியில் வாங்குவது விளையாட்டல்ல. இங்கிலாந்தில் தலையாட்டத்துக்குப் பேர்போன ஜெஃப் ஆஸ்டில் 2002இல் 59 வயதில் இறந்தபோது, தொழிலால் வந்த நோய் என்றே மரண விசாரணையில் முடிவானது. மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு முன்னாள் தொழில்முறை வீரர்களுக்கு ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம் என்று 2019இல் கிளாஸ்கோ ஆய்வு சொன்னது. இன்றைய பந்து நீர் குடிப்பதில்லை. வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

சென்னைக் கதைக்குத் திரும்பினால், கிண்ணம் வென்ற மறுபருவத்தில் மெயில்சனும் நெல்சனும் அணியில் இருந்தும் சென்னை கடைசி இடத்துக்குச் சரிந்தது. 2019 மார்ச் 17 அன்று, ஓராண்டு கழித்து அதே தேதியில், மும்பையில் கோவாவுக்கு எதிரான பெங்களூருவின் இறுதியாட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. டிமாஸ் டெல்காடோ அடித்த கோர்னரை ராகுல் பேக்கே தலையால் வலைக்குள் தள்ள, கிண்ணம் பெங்களூருவுக்குப் போனது.